நிமிர்த்தப்பட்ட முதுகு: வளரிளம் பருவத்து முதுகெலும்பு அறுவையும் அதற்குப் பிந்தைய வாழ்வும்

கேள்வியின் எல்லை

முதுகு பின்புறமாகப் புடைத்து நிற்பதைக் கூன் என்று சொல்லித் தமிழ்ப் பேச்சுவழக்கு நிறைவடைந்துவிடுகிறது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, வளையும்போதே தன் அச்சில் முறுக்கியும் கொள்ளும் ஸ்கோலியோசிஸ் என்னும் நிலை அதிலிருந்து வேறானது என்றாலும், விலா எலும்புகளை ஒரு பக்கம் தூக்கிவிடுவதால் பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் கூனாகவே படுகிறது. இவ்வளைவின் பல வகைகளில், இன்ன காரணம் என்று சுட்ட முடியாமல், பத்து வயதுக்குப் பின், பெண் குழந்தைகளிடம் பூப்பெய்துவதை ஒட்டி உயரம் விரைந்து கூடும் மாதங்களில் வெளிப்படும் வகையே மிகுதி. வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. அவர்களில் மிகச் சிறு பகுதியினருக்கே வளைவு சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பெருகுகிறது. அப்படிப் பெருகுவோரில் பெண்களே பெரும்பான்மையினர்.

வளைவை அளக்கும் முறை எளிது. எக்ஸ்-ரே படத்தில் வளைவின் மேல் முனையில் அதிகம் சாய்ந்திருக்கும் முள்ளெலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடும், கீழ் முனையில் அதிகம் சாய்ந்திருக்கும் முள்ளெலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி இன்னொரு கோடும் இழுத்து, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தைப் பாகையில் குறிக்கிறார்கள். 1948இல் இதைப் பரவலாக்கிய அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜான் ராபர்ட் காப்பின் பெயராலேயே இது காப் கோணம் எனப்படுகிறது. பத்துப் பாகையைத் தொட்டால் அது ஸ்கோலியோசிஸ். வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு இருபத்தைந்தைத் தாண்டினால் உடலை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ். நாற்பத்தைந்து ஐம்பதை நெருங்கினால் அறுவை என்பது பொதுவான நடைமுறை. முள்ளெலும்புகள் பலவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, அசையாத ஒரே எலும்பாக்கிவிடும் அந்த அறுவையைச் செய்துகொண்ட பதினான்கு வயதுப் பெண், நாற்பது வயதில் எப்படி வாழ்கிறாள் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. கோணம் எவ்வளவு குறைந்தது என்னும் கேள்விக்கு மருத்துவ ஏடுகளில் விடைகள் நிறையவே உள்ளன. வாழ்வு எப்படி இருந்தது என்பதற்கான விடைகளோ குறைவு. அவையும் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவனவல்ல.

அறுவை செய்யாதிருந்தால்

எந்த அறுவையின் பயனையும் அதைச் செய்துகொள்ளாதவர்களின் கதியோடு ஒப்பிட்டே மதிப்பிட முடியும். இந்த ஒப்பீட்டில்தான் ஆய்வுலகம் நெடுங்காலம் பிழை செய்தது. ஸ்வீடனில் நில்சோன், லுண்ட்கிரென் ஆகிய இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சை பெறாத 113 நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தது. அவர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களினும் இருமடங்கு என்றும், பெண்களில் 76 விழுக்காட்டினர் மணமாகாதவர்கள் என்றும் அறிவித்தது. மூச்சுத் திணறி இளமையில் சாகும், மணவாழ்வு வாய்க்காத ஒரு பெண்ணின் சித்திரம் அதன்பின் பாடநூல்களில் நிலைபெற்றது. பெற்றோரை அறுவைக்கு இணங்கவைக்க அதைவிட வலுவான வாதம் தேவைப்படவில்லை.

அக்காலத்து ஆய்வுகளில் இடம்பெற்றோர் எல்லாரும் ஒரே நோயின் பிடியில் இருந்தவர்களல்லர். இளம்பிள்ளை வாதத்தால் தசை செயலிழந்து முதுகு வளைந்தவர்களும், பிறவியிலேயே முள்ளெலும்பு கோணியவர்களும், கைக்குழந்தைப் பருவத்திலேயே வளைவு தொடங்கி நுரையீரல் வளர இடமின்றிப் போனவர்களும் அவற்றில் கலந்திருந்தனர். வளரிளம் பருவத்தில் தொடங்கும் வகையை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தபோது படம் மாறிற்று. அமெரிக்காவின் ஐயோவாவில் 1932 முதல் 1948 வரை கண்டறியப்பட்டு, சிகிச்சையின்றி விடப்பட்ட 117 பேரை அரை நூற்றாண்டுக்குப் பின் ஸ்டூவர்ட் வைன்ஸ்டைன் குழுவினர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவுகள் இத்துறையில் திருப்புமுனையாயின. அவர்கள் உயிர்வாழ்ந்த விகிதம் பொதுமக்களுடையதை ஏறத்தாழ ஒத்திருந்தது. அன்றாட வேலைகளில் மூச்சிரைப்பதாகச் சொன்னோர் நோயாளிகளில் 22 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 15 விழுக்காடு. நாட்பட்ட முதுகுவலி நோயாளிகளில் 61 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் இருந்தது. ஆனால் வலியுற்றோரில் பெரும்பாலார் அதைச் சிறிது அல்லது மிதமானது என்றே குறித்தனர்.

இதைக் கொண்டு அறுவையே வேண்டியதில்லை என்று வாதிடுவோரும் உண்டு. அது அவசர முடிவு. இதே ஐயோவா மரபில் வைன்ஸ்டைனும் இக்னாசியோ பொன்செட்டியும் 1983இல் காட்டியபடி, வளர்ச்சி முடியும்போது முப்பது பாகைக்குள் நிற்கும் வளைவு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. மார்புப் பகுதியில் ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடைப்பட்ட வளைவோ, வயது வந்த பின்னும் ஆண்டுக்குச் சுமார் ஒரு பாகை வீதம் கூடிக்கொண்டே போகிறது. பதினாறு வயதில் ஐம்பத்தைந்து பாகை இருந்த முதுகு நாற்பத்தாறில் எண்பதைத் தாண்டக்கூடும். அறுவையின் முதல் நோக்கம் இந்த ஏற்றத்தை நிறுத்துவதே. முதுகை நிமிர்த்துவது அதற்கு அடுத்ததுதான், நோயாளியின் மனத்தில் அவ்விரண்டின் வரிசை தலைகீழாக இருந்தாலும்.

கம்பியின் தலைமுறைகள்

நீண்டகாலச் சான்றுகளை வாசிக்கும்போது மறக்கக்கூடாத ஒன்று, அவை எந்த அறுவையைப் பற்றிப் பேசுகின்றன என்பது. முள்ளெலும்புகளை ஒட்டவைக்கும் முறையை நியூயார்க்கில் ரசல் ஹிப்ஸ் 1911இல் காசநோயால் அரிக்கப்பட்ட முதுகுகளுக்காகத் தொடங்கி, சில ஆண்டுகளில் ஸ்கோலியோசிஸுக்கும் விரித்தார். உள்ளே கம்பி இல்லாத அக்காலத்தில், எலும்பு கூடும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டுக்குள் படுத்தே கிடந்தனர். ஹூஸ்டன் நகரில் இளம்பிள்ளை வாதத்தால் முதுகு சரிந்த குழந்தைகளுக்காகப் பால் ஹாரிங்டன் உருவாக்கி 1962இல் விரிவாக வெளியிட்ட எஃகுக் கம்பி இந்நிலையை மாற்றியது. வளைவின் உட்பக்கத்தில், மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. இரண்டையும் இணைக்கும் பல்வெட்டுக் கம்பியில் கொக்கியை ஒவ்வொரு பல்லாக நகர்த்தினால், வண்டிக்கு அடியில் வைத்த ஜாக்கி போல அது முதுகைத் தூக்கி நீட்டும். கம்பி எவ்வளவு உறுதியானாலும் அது தற்காலிக முட்டுத்தான்; அசைவு தொடர்ந்தால் உலோகம் என்றாவது களைத்து முறியும். ஆகவே முள்ளெலும்புகளின் மேற்பரப்பைச் செதுக்கி, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புச் சில்லுகளை அதன்மேல் பரப்பிவிடுவார்கள். முதுகைக் கடைசிவரை தாங்குவது அப்படி விளையும் எலும்பே.

ஜாக்கியின் குறை அதன் வேலையிலேயே இருந்தது. பக்கவாட்டில் வளைந்ததை நீட்டும்போது, இடுப்புப் பகுதியில் இயல்பாக இருக்கவேண்டிய உட்குழிவையும் அது சேர்த்தே நீட்டித் தட்டையாக்கிவிட்டது. அக்குழிவு இல்லாத உடல் முன்னோக்கிச் சாயும். சாயாமல் நிற்க அப்பெண் முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி நிற்பாள். மாலைக்குள் தொடையும் இடுப்பும் களைத்துவிடும். தட்டை முதுகு என்று பெயர்பெற்ற இந்நிலையை நோய் உண்டாக்கவில்லை, சிகிச்சையே உண்டாக்கியது என்பதை 1970களின் இறுதியில் மருத்துவ ஏடுகள் வெளிப்படையாக எழுதத் தொடங்கின. பின்னர் பிரான்சில் இவ் கோத்ரேலும் ஜான் துய்பூசேயும் 1980களில் பல கொக்கிகளும் இரு கம்பிகளும் கொண்டு, முறுக்கையும் பக்கவாட்டு நோக்கையும் கணக்கில் கொள்ளும் முறையைக் கொணர்ந்தனர். 1990களின் நடுவிலிருந்து, முள்ளெலும்பின் காம்புப் பகுதி வழியாகச் செலுத்தப்படும் திருகுகள் கொக்கிகளின் இடத்தைப் பிடித்தன. இன்று மாவுக்கட்டு இல்லை. பிள்ளை மறுநாளோ அதற்கு மறுநாளோ எழுந்து நடக்கிறது.

கோத்தன்பர்க் பதிவுகள்

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து நோயாளிகளை ஐனா டேனியல்சன், ஆல்ஃப் நாகெம்சன் ஆகியோர் பின்தொடர்ந்து 2001 முதல் வெளியிட்ட கட்டுரைத் தொடர், இக்கேள்விக்குக் கிடைத்த சான்றுகளில் மிகவும் நம்பத்தக்கவற்றுள் ஒன்று. 1968க்கும் 1977க்கும் இடையில் ஹாரிங்டன் கம்பி பொருத்தப்பட்ட 156 பேர், பிரேஸ் மட்டும் அணிந்த 127 பேர், வயதும் பாலும் ஒத்த நூறு பொதுமக்கள் என மூன்று குழுக்களை அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து நேரில் பரிசோதித்தனர். பழைய நோயாளிகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேரைத் திரும்ப அழைத்துவர முடிந்தது சாதாரணச் செய்தியன்று. பெரும்பாலான பின்தொடர் ஆய்வுகளில் பாதிப்பேர் முகவரி மாறிக் காணாமல் போய்விடுகிறார்கள். நலமாக இருப்போர் வராமல் போனார்களா, கசந்தோர் வராமல் போனார்களா என்பது யாருக்கும் தெரிவதில்லை.

எலும்பின் நோக்கில் முடிவு தெளிவானது. இருபத்து மூன்று ஆண்டுகளில் அறுவை செய்த வளைவுகள் சராசரியாக 3.5 பாகையும், பிரேஸ் அணிந்தவர்களின் வளைவுகள் 7.9 பாகையும் கூடியிருந்தன. அறுவை செய்தோரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே வளைவு தொடர்பாக மறு அறுவைக்கு உள்ளாயினர். மூச்சின் நோக்கிலும் அவ்வாறே: அறுவைக்கு முன் எதிர்பார்க்கப்பட்ட அளவில் 67 விழுக்காடாக இருந்த நுரையீரல் கொள்ளளவு, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் 84 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

வாழ்வின் நோக்கில் செய்தி இரண்டாகப் பிரிகிறது. உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்கும் எஸ்எஃப்-36 என்னும் பொது வினாப்பட்டியலில், இரு நோயாளிக் குழுக்களும் உடலியக்கப் பகுதியில் மட்டும் பொதுமக்களினும் சற்றே பின்தங்கினர். மனநலப் பகுதிகளில் வேறுபாடே இல்லை. வளைவின் அளவுக்கும் இம்மதிப்பெண்ணுக்கும் தொடர்பும் காணப்படவில்லை. இங்கேயே வாசிப்பை நிறுத்திக்கொண்டவர்கள் எல்லாம் நலம் என்று எழுதினார்கள். ஆனால் முதுகின் காரணமாக மற்றவர்களோடு கலந்து பழகுவதில் தடை உண்டா என்று நேராகக் கேட்டபோது, அறுவை செய்துகொண்டவர்களில் 49 விழுக்காட்டினரும் பிரேஸ் அணிந்தவர்களில் 34 விழுக்காட்டினரும் உண்டு என்றனர். பொதுமக்களில் அப்படிச் சொன்னோர் 15 விழுக்காடு. அத்தடைக்கு வலி முதன்மைக் காரணமன்று. சில செயல்களில் உடல் ஒத்துழைக்காமையும், தன் தோற்றம் பற்றிய கூச்சமுமே காரணங்கள்.

மனநலம் பொதுமக்களுக்கு நிகர், ஆயினும் இருவரில் ஒருவர் கூட்டத்திலிருந்து ஒதுங்குகிறார் என்னும் இவ்விரு கூற்றுகளும் ஒரே ஆட்களைப் பற்றியவை. கருவி பொதுவானதாக இருந்தமையால் குறிப்பான இழப்பு அதில் பதியாமல் போயிற்று என்பது ஒரு விளக்கம். நீச்சல் குளத்துக்குப் போவதையே இருபது வயதில் விட்டுவிட்ட ஒருவருக்கு, நாற்பதில் அது குறையாகத் தோன்றாது. வாழ்வின் எல்லைகளைச் சுருக்கிக்கொண்டு அதற்குள் நிறைவு காண்பது மனித இயல்பு என்பது இன்னொன்று. இரண்டாவதே கூடுதல் உண்மை என்று கருத இடமுண்டு. ஏனெனில் பிரேஸ் குழுவிலும், கத்தி படாத முதுகோடு, அதே போக்கு தெரிகிறது. பதின்ம வயதில் ஆண்டுக்கணக்கில் உடல் ஒரு குறைபாடாகப் பிறரால் பார்க்கப்பட்டதன் தடம் அதில் இருக்கலாம்.

வலியும் ஒட்டின் கீழெல்லையும்

கோத்தன்பர்க்கில் அறுவை செய்துகொண்டோரில் 78 விழுக்காட்டினருக்கு இடுப்புவலி இருந்தது. பொதுமக்களில் 58 விழுக்காட்டினருக்கு. வலி பெரும்பாலும் மிதமானதே. ஐயோவாவின் 61, 35 என்னும் எண்களையும் இவற்றையும் அருகருகே வைத்து, சிகிச்சை பெறாதவர்களே வலி குறைந்தவர்கள் என்று கணக்கிடும் ஆசை எழுவது இயல்பு, அது தவறு. ஒன்று நாட்பட்ட வலியைக் கேட்டது, மற்றொன்று வலியைப் பொதுவாகக் கேட்டது. ஒன்றில் இருந்தவர்கள் அறுபதைக் கடந்தவர்கள், மற்றொன்றில் நாற்பதை ஒட்டியவர்கள். நாடும் வேறு. இவ்விரண்டிலிருந்தும் துணிந்து எடுக்கக்கூடியது ஒன்றே: ஸ்கோலியோசிஸ் உள்ளவருக்கு அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் பிறரைவிட முதுகு சற்று அதிகமாக வலிக்கும், வலியைப் போக்கும் சிகிச்சையாக இவ்வறுவையை முன்வைப்பதற்குச் சான்று வலுவாக இல்லை.

எவருக்கு அதிகம் வலிக்கிறது என்பதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. ஒட்டவைக்கப்பட்ட பகுதி அசையாதபோது, அசைவு முழுவதையும் அதற்குக் கீழே எஞ்சும் சில மூட்டுகளும், முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட டிஸ்குகளும் ஏற்கவேண்டியுள்ளது. அதே கோத்தன்பர்க்கிலிருந்து 1983இல் வெளிவந்த ஆய்வு, ஒட்டின் கீழெல்லை இடுப்பின் ஐந்து முள்ளெலும்புகளில் நான்காவதையோ ஐந்தாவதையோ எட்டியவர்களிடம் இடுப்புவலி மிக அதிகம் எனக் காட்டியது. அன்றுமுதல் கீழே எத்தனை டிஸ்குகளை விட்டுவைப்பது என்பது அறுவை அரங்கின் மையக் கேள்வியாயிற்று. மார்போடு நிற்கும் ஒட்டோடு வாழ்பவர் தன் முதுகு அசையாததைப் பல நாள் மறந்தே போகலாம். கீழ் இடுப்புவரை ஒட்டிய முதுகோடு வாழ்பவர் செருப்பு வாரை மாட்டவும், தரையில் விழுந்த சாவியை எடுக்கவும், கார் பின்னோக்கிச் செல்லும்போது திரும்பிப் பார்க்கவும் வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே, அறுவைக்குப் பின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்கும் பெற்றோருக்கு, எதுவரை ஒட்டப்போகிறார்கள் என்பதைக் கேளாமல் பொது விடை எதுவும் பொருளுடையதாக இராது.

மகப்பேறு பற்றிய அச்சம் பரவலானது. சான்று அதற்குத் துணை நிற்கவில்லை. கோத்தன்பர்க் பெண்கள் பிறரைப் போலவே பிள்ளை பெற்றனர். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது மட்டும், ஒட்டிய எலும்பு கீழ் இடுப்பை மறைத்திருந்தால், மயக்க மருத்துவருக்கு வழி கிடைப்பது கடினமாகலாம். பழைய எக்ஸ்-ரேயைக் கையோடு கொண்டுபோவது பயனுள்ளது.

எக்ஸ்-ரேயைப் பற்றியே ஒரு சொல். வளைவைக் கண்காணிக்க ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட படங்கள் இச்சிகிச்சையின் கணக்கில் பெரும்பாலும் எழுதப்படாத செலவு. அமெரிக்காவில் 1912 முதல் 1965 வரை சிகிச்சை பெற்ற 5,573 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வு, ஒவ்வொருவருக்கும் சராசரியாக இருபத்தைந்து முறை எக்ஸ்-ரே எடுக்கப்பட்டதையும், மார்பகப் புற்றுநோயால் இறந்தோர் எதிர்பார்த்ததைப் போல் 1.7 மடங்கு இருந்ததையும் காட்டிற்று. கதிர் முதுகின் பக்கமிருந்து செல்லுமாறு நோயாளியைத் திருப்பி நிறுத்தினாலே மார்பகத்தில் படும் அளவு பெரிதும் குறைகிறது. இன்றைய கருவிகளின் கதிரளவும் மிகக் குறைவு.

வினாப்பட்டியல் அளப்பதும் விடுவதும்

பொது வினாப்பட்டியலின் குறையை நீக்க, 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்கோலியோசிஸ் ஆய்வுச் சங்கத்தின் பெயரால் எஸ்ஆர்எஸ்-22 என்னும் தனிப்பட்டியல் உருவானது. இருபத்திரண்டு கேள்விகள்: வலி, செயல்திறன், தன்தோற்றம், மனநலம் ஆகிய நான்குக்கும் ஐந்தைந்து, சிகிச்சையில் நிறைவு பற்றி இரண்டு; ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். இதைக் கொண்டு அளந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒருமித்துச் சொல்வது, அறுவைக்குப் பின் மிகுதியாக ஏறுவது தன்தோற்ற மதிப்பெண் என்பதும், அந்த ஏற்றம் எக்ஸ்-ரேயில் குறைந்த பாகைகளோடு நெருங்கிய தொடர்பு கொண்டதன்று என்பதுமாகும். தோள்கள் சமமாகத் தெரிகின்றனவா, இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கியிருக்கிறதா, குனியும்போது விலாப் புடைப்பு சட்டையைத் தூக்குகிறதா என்பவையே கண்ணாடி முன் நிற்பவர் பார்ப்பவை.

அழகுக்காக இவ்வளவு பெரிய அறுவையா என்று கேட்போர், பதின்ம வயதில் தோற்றம் என்பது என்ன என்பதை மறந்தவர்கள். கோத்தன்பர்க்கின் 49 விழுக்காடு அக்கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. 2002இல், பன்னிரண்டு வயதில், இவ்வறுவை செய்துகொண்ட பிரிட்டிஷ் இளவரசி யூஜீனி 2018இல் தன் திருமண உடையின் முதுகைத் தாழ்வாக வெட்டச் செய்து தழும்பை ஊரறியக் காட்டியது செய்தியானதே, அத்தழும்பை மறைப்பதுதான் வழக்கம் என்பதற்குச் சான்று.

எஸ்ஆர்எஸ்-22க்கும் எல்லைகள் உண்டு. வேலைக்கோ பள்ளிக்கோ போக முடிகிறதா, வீட்டுவேலை செய்ய முடிகிறதா, நண்பர்களோடு வெளியே போவது குறைந்ததா என அது கேட்கிறது. சம்மணமிட்டு உட்காருவதையோ குந்தி அமர்வதையோ கேட்பதில்லை. வாசலில் குனிந்து கோலம் போடுவதும், பந்தியில் தரையில் அமர்ந்து உண்பதும் ஒருவருடைய சமூக வாழ்வின் பகுதியாக இருக்கும் ஊரில், அப்பட்டியலில் முழு மதிப்பெண் பெறுபவரும் எதையோ இழந்தவராக இருக்கக்கூடும். அதன் இறுதிக் கேள்வியும் சிக்கலானது. இதே நிலை மீண்டும் வந்தால் இதே சிகிச்சையை ஏற்பீர்களா என்பதற்கு மிகப் பலர் ஆம் என்கிறார்கள். அறுவை செய்யாத தன் முதுகு எப்படி ஆகியிருக்கும் என்பதை அறிய வழியற்றவர் தரும் விடை அது. அந்த ஆமில் நிறைவு எவ்வளவு, திரும்பப் பெற முடியாத ஒன்றோடு செய்துகொண்ட சமாதானம் எவ்வளவு என்று பிரிக்க எண்களால் இயலாது.

பிந்தி வரும் சான்று

அறுவையையும் அறுவையின்மையையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் தேடிய, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு, 2015இல், தன் வரையறைக்குள் வரக்கூடிய ஒன்றுகூட இல்லை என்று அறிவித்தது. அறுபது பாகை வளைந்த முதுகோடு வரும் பிள்ளையின் சிகிச்சையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க எந்தப் பெற்றோரும் இணங்கமாட்டார்கள் என்பதால் அத்தகைய ஆய்வு இனியும் எளிதில் நடவாது. பிரேஸுக்கு 2013இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில்கூட, குலுக்கலுக்கு இணங்கியோர் போதாமல், பலர் தம் விருப்பப்படி பிரிந்த குழுக்களையும் சேர்த்தே முடிவு காணவேண்டியிருந்தது. பிரேஸ் அணிந்தோரில் 72 விழுக்காட்டினரும் அணியாதோரில் 48 விழுக்காட்டினரும் அறுவை எல்லையைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தனர் என்னும் அதன் முடிவு, கம்பி தேவைப்படுவோரின் எண்ணிக்கையையே குறைக்க வழியுண்டு என்று காட்டுவதால் இக்கேள்விக்கும் உரியது.

எஞ்சும் தடை காலம். இருபத்தைந்து ஆண்டுச் சான்று கைக்கு வரும்போது, அது பேசும் அறுவை கைவிடப்பட்டிருக்கிறது. திருகுகள் முதுகின் உட்குழிவைக் காப்பதால் தட்டை முதுகின் துன்பம் புதிய தலைமுறைக்கு வராது என்று எதிர்பார்ப்பது நியாயமானது. ஆனால் ஒட்டுக்குக் கீழே எஞ்சும் டிஸ்குகள் ஏற்கும் சுமை கொக்கிக்கும் திருகுக்கும் பொதுவானது. 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வரையறுத்த அனுமதி அளித்த மற்றொரு முறை, எலும்பை ஒட்டாமல், வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, எஞ்சிய வளர்ச்சியைக் கொண்டே முதுகை நிமிர்த்த முயல்கிறது. அனுமதி கிடைத்த காலத்தில் அதை ஏற்ற பிள்ளைகளுக்கான இருபத்தைந்து ஆண்டுச் சான்றே 2040களில்தான் கிடைக்கும்.

கோத்தன்பர்க் ஆய்வே கூட, நீண்டது என்று போற்றப்பட்டாலும், அப்பெண்களின் நாற்பதாம் வயதை ஒட்டி நின்றுவிட்டது. மாதவிடாய் நின்று எலும்பு மெலிவதும், இடுப்பு டிஸ்குகள் தேய்வதும், உடல் முன்சாய்வதும் பெரும்பாலும் அதற்குப் பிறகே மிகுகின்றன. 1968க்கும் 1977க்கும் இடையில் பதின்ம வயதில் கம்பி பொருத்தப்பட்ட அவர்கள் இப்போது அறுபதைக் கடந்து, சிலர் எழுபதைத் தொட்டுவிட்டார்கள். கம்பி பெரும்பாலும் இன்னும் உள்ளேயே இருக்கிறது.